பேட்டரி ஏன் அடம்பிடிக்கிறது?

காலை ஆறு மணி. பாகூர் பக்கத்துக் கழனி ஒன்றில் சம்பா நெல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். அடிப்பவர் முதுகில் பேட்டரி ஸ்ப்ரேயர். ராத்திரி சார்ஜில் போட்டது, பச்சை விளக்கு எரிந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் நாலாவது டேங்க் முடிவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. போன போகத்தில் இதே பேட்டரி பதினைந்து டேங்க் வரை தாங்கியது. “மெஷினை வித்தவன் ஏமாத்திட்டான்” என்கிறது வரப்பிலிருந்து ஒரு குரல். “பேட்டரியைக் கழட்டித் தட்டிப் பாருண்ணே” என்கிறது இன்னொன்று.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் யாரைக் கேட்டாலும் இதுபோல ஒரு கதை வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் இந்த ஊர்களில் பேட்டரி என்றால் டிராக்டரில் இருப்பதும் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும்தான். இரண்டும் ஆசிட் பேட்டரி. இப்போது மருந்து அடிக்கும் மெஷின், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகையில் நெற்றியில் கட்டும் லைட், ஸ்கூட்டர், பேட்டரி ஆட்டோ, பவர் பேங்க், தச்சர் கையிலிருக்கும் டிரில்லிங் மெஷின், தெருமுனை சோலார் விளக்கு என்று எங்கும் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. பேட்டரி மாறிவிட்டது, அதோடு பழகும் விதம் மட்டும் பழையபடியே இருக்கிறது. கோளாறுகளில் பெரும் பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆசிட் பேட்டரி ஒரு முரட்டுப் பிராணி. இரண்டு வயரையும் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்கள். செத்துப்போனால் பக்கத்து டிராக்டரிலிருந்து வயர் போட்டு எழுப்புவார்கள். சார்ஜ் கொஞ்சம் கூடிப்போனால் உள்ளே தண்ணீர் குமிழி விட்டு வற்றும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரியாகிவிடும். லித்தியத்துக்கு இந்தச் சகிப்புத்தன்மை கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு பேக்குக்குள்ளும் ஒரு காவலாளியை வைத்து அனுப்புகிறார்கள்.

பேக்கின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் கட்டைவிரல் பருமனுள்ள செல்கள். அதிகம் புழங்கும் 18650 ரகத்தின் பெயரே அதன் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். ஒரு செல் சுமார் 3.6 வோல்ட். முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். அதற்கு மேலே ஏறக் கூடாது; 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. இப்படிப் பதின்மூன்று செல்களை வரிசையாகக் கோத்தால் ‘48 வோல்ட்’ ஸ்கூட்டர் பேக். செல்களோடு ஒட்டியிருக்கும் சிறிய சர்க்யூட் பலகைதான் காவலாளி. பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக பி.எம்.எஸ். ஏதாவது ஒரு செல் வரம்பைத் தாண்டினாலும், கரன்ட் எல்லை மீறினாலும், சூடு கூடினாலும் அது கதவைச் சாத்திவிடும். சார்ஜ் ஏறாது, அல்லது வண்டி ஓடாது. வெளியே நிற்பவருக்கு அது அடம்பிடிப்பதாகத் தெரியும். உள்ளே ஏதோ ஒரு காரணத்துக்காக அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ரிப்பேர் என்பது அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். கதவை உடைப்பதற்கு ரிப்பேர் என்று பெயரில்லை.

பச்சை விளக்கை நம்பலாமா?

சார்ஜரில் பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். சார்ஜருக்கு அவ்வளவு விவரம் தெரியாது. தன்னிடமிருந்து கரன்ட் போகிறதா, நின்றுவிட்டதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பேட்டரி நிறைந்ததால் நின்றாலும் பச்சை. வயர் அறுந்ததால் நின்றாலும் பச்சை. பி.எம்.எஸ். கதவைச் சாத்தியதால் நின்றாலும் பச்சை. சந்தேகமிருந்தால் சார்ஜரைப் பேட்டரியில் மாட்டாமல் சுவரில் மட்டும் செருகிப் பாருங்கள். பல சார்ஜர்களில் அப்போதும் பச்சைதான் எரியும்.

எனவே சோதனையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். முதலில் சுவர். அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு சாமான் வேலை செய்கிறதா? பிளக் தொளதொளவென்று ஆடுகிறதா, ஓட்டையைச் சுற்றிக் கருகியிருக்கிறதா? ஸ்கூட்டர் சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. டி.வி., ஃபேன், மொபைல் எல்லாம் தொங்கும் அந்தப் பெட்டியில் மணிக்கணக்கில் ஸ்கூட்டரும் கரன்ட் இழுத்தால் முதலில் உருகுவது அந்தப் பெட்டிதான். எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து சார்ஜர். ஃபேன் வைத்த சார்ஜர் என்றால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா? நெல் தூசி அடைத்திருக்கலாம், எறும்பு கூடு கட்டியிருக்கலாம், பல்லி உள்ளே போய்ச் செத்திருக்கலாம். கிராமத்து வீடுகளில் சார்ஜர் சாவதற்குப் பல்லியும் எறும்பும் சாதாரணக் காரணங்கள். பிறகு கனெக்டர். ஸ்ப்ரேயரில் இதுதான் முக்கியம். டேங்கிலிருந்து கசியும் மருந்துத் தண்ணீர் கீழே பேட்டரி அறைக்கு இறங்கி, பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். மெஷினை அணைத்துவிட்டு, உலர்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பல மெஷின்கள் அந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும். கத்தி, ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் சுரண்டாதீர்கள். இரண்டு பின்னையும் உலோகம் ஒருசேரத் தொட்டால் ஷார்ட்.

இதையெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் உதவும். டி.சி. வோல்ட் அளவில் வைத்து, 12 வோல்ட் சாமான்களின் சார்ஜர் முனையை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சார்ஜர் மேல் எழுதிய வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் போதும். பேட்டரி மாட்டினால்தான் வோல்ட் காட்டும் சார்ஜர்களும் இருக்கின்றன. சைபர் காட்டியவுடன் தூக்கிப் போட வேண்டாம். ஸ்கூட்டர், பேட்டரி ஆட்டோ பேக்கின் முனைகளை வீட்டில் அளக்கவே வேண்டாம். 48, 60 வோல்ட்டில் ஒரு கை நழுவல் போதும்.

பாகூர் கழனியில் நின்றுபோன ஸ்ப்ரேயருக்கு வருவோம். அந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஆணியில் இரண்டு சார்ஜர் தொங்கும். ஒன்று புது மெஷினுடையது, இன்னொன்று பழைய ஆசிட் பேட்டரி மெஷினுடையது. இரண்டிலும் ‘12 வோல்ட்’ என்று எழுதியிருக்கும், பின்னும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 12 வோல்ட் என்ற பெயருக்குள் மூன்று விதமான பேட்டரிகள் ஒளிந்திருக்கின்றன. மூன்று செல் வரிசை கொண்ட லித்தியம் பேக் 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். நாலு செல் வரிசை கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக்குக்கு 14.6 வோல்ட் வேண்டும். ஆசிட் பேட்டரி சார்ஜர் 14 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும். ஆசிட் சார்ஜரை மூன்று செல் பேக்கில் மாட்டினால், வரம்பு தாண்டும் ஒவ்வொரு முறையும் பி.எம்.எஸ்.தான் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும். பத்து நாள் தடுக்கும், ஒரு போகம் முழுக்கவும் தடுக்கும். அதற்குள் செல்கள் அளவுக்கு மீறி நிறைந்து நிறைந்து சீக்கிரமே கிழடாகிவிடும். வரிசைகளுக்குள் ஏற்றத்தாழ்வும் வந்துவிடும். விளைவு, அரை மணியில் பச்சை விளக்கு, நாலு டேங்கில் ஓய்வு. ஒருநாள் காவலாளியும் பழுதாகிவிட்டால் தடுக்க ஆளே இல்லை.

பழைய ஸ்கூட்டரில் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேக் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பதின்மூன்று செல் வரிசை 54.6 வோல்ட்டில் நிறையும். பாஸ்பேட் ரகத்தில் பதினாறு செல் வரிசைக்கு 58.4. இரண்டுக்கும் கடையில் ‘48 வோல்ட் பேக்’ என்றுதான் பெயர். பேக்கோடு அதற்கான சார்ஜரையும் சேர்த்து வாங்கி, பேக்கிலும் சார்ஜரிலும் ஒரே நிற நூலைக் கட்டிவிடுங்கள். அவசரத்தில் பாட்டி செருகினாலும் தவறாது.

இந்த இரண்டு ரகங்களுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். கோபால்ட் ஆக்சைடு கொண்டு லித்தியம் பேட்டரிக்கு வழி காட்டியது 1980-ல் ஜான் குட்எனஃப் குழு. 1997-ல் அயர்ன் பாஸ்பேட்டை முன்வைத்ததும் அவருடைய குழுதான். அந்த ஆய்வுக் கட்டுரையில் ஏ.கே. பதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி என்ற பெயர்களும் இருக்கின்றன. 2019-ல் நோபல் பரிசு வந்தபோது குட்எனஃப்புக்கு வயது 97. இவ்வளவு வயதில் வேறு யாரும் அந்தப் பரிசை வாங்கியதில்லை.

தூங்கிப்போன பேட்டரி

சம்பா முடிந்து மெஷினைக் கழுவி மூலையில் வைக்கிறார்கள். நவரைக்குத் தேவைப்படவில்லை. சொர்ணவாரிக்கு எடுத்தால் மூச்சு பேச்சில்லை. சார்ஜரில் மாட்டினாலும் அசையவில்லை. பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல இறங்கும், காவலாளிக்கும் கொஞ்சம் சாப்பாடு அதிலிருந்துதான். காலியாக வைத்த பேக் சில மாதங்களில் வரம்புக்குக் கீழே இறங்கி, பி.எம்.எஸ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிவிடும்.

சரியான சார்ஜரில் மாட்டி அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம். பல பேக்குகள் விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. இங்கேதான் டிராக்டர் காலத்துப் பழக்கம் எட்டிப்பார்க்கிறது. இன்னொரு பேட்டரியிலிருந்து நேரே வயர் போட்டு ‘ஒரு தட்டு’ கொடுப்பார்கள். பேக் விழிக்கவும் செய்யும், அதுதான் சிக்கல். ஒரு செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போய் நெடுநாள் கிடந்தால் அதனுள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் போய்ப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். இன்று ஓடும், அடுத்த மாதம் நடுராத்திரி சார்ஜில் இருக்கும்போது சூடாகும். விவரம் தெரிந்த சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் அளந்து பார்த்து, தேறும் என்றால் மட்டும் மிகக் குறைந்த கரன்ட் கொடுத்து மெதுவாக எழுப்புவார்கள். தேறாது என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்வதுதான் லாபம்.

இது வராமல் தடுப்பது சுலபம். போகம் முடிந்ததும் பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் வைத்து, மெஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். நிறைய நிறைய ஏற்றி மாதக்கணக்கில் வைப்பதும் செல்லுக்கு ஆகாது.

பாலத்தில் நிற்கும் வண்டி

மீட்டரில் 35 சதவீதம் காட்டுகிறது. பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, கால் வைக்கும் இடத்தில் ரேஷன் மூட்டை. ஆரியபாளையம் பாலத்தில் ஏறும்போது வண்டி ‘டக்’கென்று நிற்கிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு முறை இப்படி என்றால் பேக்கின் வரிசைகளில் ஒன்று நலிந்திருக்கிறது என்று அர்த்தம். பாரம் கூடும்போது கரன்ட் அதிகம் இழுக்கப்படும். நலிந்த வரிசையின் வோல்ட் மட்டும் சட்டென்று சரியும். அதைக் காப்பாற்ற பி.எம்.எஸ். மொத்தப் பேக்கையும் நிறுத்திவிடும். தேர் வடத்தில் ஓர் இடம் நைந்தால் வடம் முழுக்கவே ஆகாது, வில்லியனூர்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏற்றத்தாழ்வு சின்ன அளவில் இருந்தால் பி.எம்.எஸ். தானே சமன் செய்யப் பார்க்கும். அந்த வேலை பெரும்பாலும் பேட்டரி நிறையும் தறுவாயில்தான் நடக்கிறது, அதுவும் மிக மெதுவாக. தினமும் 80 சதவீதத்தில் எடுத்துவிடுபவர்கள் மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாக ஏற்றி, பச்சை வந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாம். பகலில், வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது. பாஸ்பேட் பேக்குகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. அவற்றின் வோல்ட் நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் சதவீதக் கணக்கு தடுமாறும். 30 காட்டிய மீட்டர் நிமிடத்தில் 5-க்கு இறங்கினால் பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒரு முழு சார்ஜுக்குப் பிறகு மீட்டர் நிதானத்துக்கு வந்துவிடலாம்.

முழு சார்ஜுக்குப் பிறகும் வண்டி பாலத்தில் நின்றால் சர்வீஸ்தான். அங்கே “கெட்ட செல்லை மட்டும் மாத்தித் தரேன்” என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். மூன்று வருடம் உழைத்த செல்களுக்கு நடுவே ஒரு புதுச் செல்லைச் செருகினால் வயசான மாட்டோடு இளங்காளையை ஏரில் பூட்டியது போலத்தான். லேப்டாப்பிலிருந்து பிரித்த பழைய செல்களை வைத்துக் கட்டிய மலிவு பேக்குகள் இன்னும் மோசம். பிளாஸ்டிக் உறை புதிதாகப் பளபளக்கும், உள்ளே இருப்பவற்றின் வயது யாருக்கும் தெரியாது.

வெயில் பற்றிச் சுருக்கமாக. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. கத்திரி வெயிலில் கன்னியகோயிலிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பிய வண்டியைத் தகரக் கொட்டகையில் விட்டு உடனே சார்ஜ் போட்டால், பி.எம்.எஸ். மறுப்பதில் வியப்பில்லை. ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். அதற்காக ஈரச்சாக்கு போர்த்த வேண்டாம்.

தண்ணீரில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. வீடூர் அணையிலிருந்து சங்கராபரணியில் தண்ணீர் வந்தது. சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற வண்டிகள் சீட் வரை முழுகின. தண்ணீர் வடிந்ததும் பெட்ரோல் வண்டிக்காரர்கள் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கிக்கரை உதைக்க ஆரம்பித்தார்கள். பேட்டரி வண்டி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது வாகனத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்தவர் எத்தனை பேர்?

செய்ய வேண்டிய முதல் காரியம் ஒன்றும் செய்யாமலிருப்பது. சாவியைப் போட்டுப் பார்க்கக் கூடாது, சார்ஜில் மாட்டவே கூடாது. புது ஸ்கூட்டர்களின் பேக் தண்ணீர் புகாதது என்று விளம்பரத்தில் வரும் ‘ஐ.பி. 67’ என்ற எண்ணைப் பலர் நம்பியிருக்கிறார்கள். அதில் கடைசி இலக்கமான 7 குறிப்பது, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தார்கள் என்பதை மட்டும். புது பேக்கில், நல்ல தண்ணீரில் நடந்த சோதனை. இரண்டு வருடம் குண்டும் குழியுமான ரோட்டில் அடிபட்டு, ரப்பர் வளையம் தளர்ந்த பேக் ஒரு ராத்திரி முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் கிடப்பது வேறு கதை.

தண்ணீர் உள்ளே போனால் அந்த நிமிடமே வெடிக்கும் என்றில்லை. ஆபத்து தாமதமாக வருவதுதான் இதில் கெடுதல். செல்களை இணைக்கும் பட்டைகளும் சர்க்யூட் பலகையும் அரிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பும் சேறும் படிவமாக நின்று, கரன்ட் போகக் கூடாத இடத்தில் பாதை போட்டுவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022 செப்டம்பர் இறுதியில் இயன் புயல் கடல் நீரை ஊருக்குள் தள்ளியது. அங்கே முழுகிய மின்சார கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்து, யாரும் தொடாமல் நின்றிருந்தபோது தீப்பிடித்தன. உப்பு நீர் நல்ல நீரைவிட மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதுதான் காரணம். கடலோரத்தில் மூர்த்திக்குப்பம், நரம்பை வரை நீளும் பாகூர் கொம்யூனுக்கு இது அந்நிய நாட்டுச் செய்தி மட்டுமல்ல.

எனவே முழுகிய வண்டியை, முடிந்தால், அணைத்த நிலையிலேயே தள்ளிக்கொண்டுபோய் வீட்டையும் வைக்கோல் போரையும் மாட்டுக் கொட்டகையையும் விட்டு விலகி வெட்டவெளியில் நிறுத்துங்கள். சீறல் சத்தம், புகை, சூடு ஏதாவது இருந்தால் தள்ளவும் போக வேண்டாம். நகர்த்துவதற்கு முன்பே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரியும்படி மொபைலில் படம் எடுத்து, சர்வீஸ் சென்டருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வரும். மூன்றாம் நபருக்கு மட்டும் எடுத்த பாலிசியில் வராது. தண்ணீர் போன வண்டியைச் சார்ஜ் போட்டுக் கெடுத்தால் கேள்வி கேட்கவும் இடமுண்டு.

ஸ்ப்ரேயர் பேட்டரி, பவர் பேங்க், டார்ச் லைட் முழுகினாலும் இதே கதைதான். வெயிலில் காயப் போடுவது, ஹேர் டிரையர் காட்டுவது, அரிசிக்குள் புதைத்து வைப்பது எல்லாம் வேண்டாம். பாகூரில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது வெளியே இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உள்ளே படிந்த உப்பை என்ன செய்ய முடியும்?

படுக்கையறையில் வேண்டாம்

2022 மார்ச் 25 இரவு வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு சில ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. இருசக்கர வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து ஒரு பகுதியும் 2023 மார்ச் 31-லிருந்து மறுபகுதியும் நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் எரிந்தால் அடுத்தடுத்த செல்களுக்குப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் அடக்கம். பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

லித்தியம் செல் எரிய ஆரம்பித்தால் அதை அணைப்பது சுலபமல்ல. செல்லின் சூடு பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. சில ரகங்களில் எரிவதற்கான ஆக்சிஜனும் செல்லுக்குள்ளிருந்தே வெளிவரும். மணலைக் கொட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதே தீயணைப்புக்காரர்கள் செய்யும் வேலை. அதை அவர்கள் செய்யட்டும். வீட்டிலிருப்பவர்கள் எட்டும் தூரத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, 101-ஐ அழைக்க வேண்டும். புகைக்குள் திரும்பிப் போகக் கூடாது. தீயைவிட அந்தப் புகைதான் முதலில் ஆளை வீழ்த்தும்.

வண்டியைச் சார்ஜ் போடும் இடம் அதனால்தான் முக்கியம். கிராமத்து வீடுகளில் இடம் தாராளமாக இருந்தும், திருட்டுக்குப் பயந்து வண்டியை நடையில் ஏற்றி, வாசற்கதவுக்கு உள்பக்கம் நிறுத்துகிறார்கள். தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழி அடைபட்டுவிடும். தாழ்வாரத்துக்கு வெளியே, கூரை வேய்ந்த கொட்டகைக்கும் காஸ் சிலிண்டருக்கும் எட்டாமல், ஒரு பூட்டும் சங்கிலியும் போட்டு நிறுத்தலாம். ராத்திரி பத்து மணிக்கு மாட்டி விடியற்காலை எடுக்கும் வழக்கத்தை விட்டு, வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும் மாட்டி, படுக்கப் போகுமுன் எடுத்துவிடலாம். பவர் பேங்க்கையும் மொபைலையும் தலையணைக்கடியில் சார்ஜ் போடும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

உப்பிய பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பவர் பேங்க் வயிறு தள்ளியிருந்தாலும், மொபைலின் பின்மூடி தூக்கியிருந்தாலும் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றிக் காட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்த வாயு தீப்பிடிக்கும், விஷமும்கூட. குத்தாமல், அழுத்தாமல், சார்ஜ் போடாமல் வெளியே தனியாக ஒரு மண் தரையில் வைத்துவிடுங்கள். இனிப்பும் காரமுமாகப் பெயின்ட் தின்னர் போன்ற வாடை அடித்தாலும், ஓடாமல் நிற்கும்போதே பேக் தொடமுடியாத சூட்டில் இருந்தாலும் அப்படித்தான்.

“பி.எம்.எஸ்.தான் தொல்லை, அதை பைபாஸ் பண்ணிட்டா ஓடும்” என்று சொல்லும் மெக்கானிக் எல்லாப் பக்கமும் உண்டு. அவர் சொல்வது உண்மை, ஓடும். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரின் வாயைக் கட்டி ஓடவிட்ட மாதிரி ஓடும். அப்படி ஓட்டிய பேக்கை அடுத்து யார் வாங்குகிறாரோ அவருக்கு உள்ளே காவலாளி இல்லை என்பதே தெரியாது.

செத்த பேக் கடைசியில் போகுமிடம் பழைய இரும்புக் கடை. ஆசிட் பேட்டரிக்கு ஈயத்தின் விலை கிடைப்பதால் அது எப்போதும் கைமாறிக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கு அங்கே மதிப்பில்லை; இரும்போடு சேர்த்து நசுக்கும்போதுதான் தீப்பிடிக்கிறது. 2001-ல் வந்த பேட்டரி விதிகள் ஆசிட் பேட்டரியைப் பற்றி மட்டும் பேசின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்தையும் சேர்த்து, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்திருக்கின்றன. குப்பை வண்டியில் போடாமல், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஸ்ப்ரேயரோ வண்டியோ வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். புதுப் பேக் வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு பேச்சு வராது.